டென்வரில் ஐந்து நாள், யாருக்கோ வந்த கடிதங்களோடு

முதல் நாள், திங்கள்

டென்வரில் இறங்கி நான் செய்த முதல் காரியம் மூச்சு வாங்கியதுதான். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நாலு தெரு தூரம், பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றேன். ஊர் 1609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஏற்காடு மாதிரி வளைந்து வளைந்து ஏறி வந்தால் உடம்புக்குத் தெரியும். இங்கே சமவெளி மாதிரி தட்டையாக விரிந்து கிடக்கிறது, மலை தூரத்தில் மேற்கே நிற்கிறது, ஏமாந்துவிடுகிறோம்.

எதற்கு வந்தாய் என்று விடுதிக்காரப் பெண் கேட்டாள். காசநோய் ஆஸ்பத்திரிக்கு வந்த பழைய கடிதங்களைப் பார்க்க வந்தேன் என்றேன். பனிச்சறுக்குக்கு வரும் ஊரில் இது ஒரு பதிலா என்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

எனக்கு சானடோரியம் என்றால் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற ரயில் நிலையம். இருபது வருஷம் அதே லைனில் போய் வந்தும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியதே இல்லை. அம்மாவின் அப்பா 1950-களின் தொடக்கத்தில் பதினோரு மாதம் அங்கே இருக்கிற காசநோய் ஆஸ்பத்திரியில், அதாவது அந்தச் சானடோரியத்தில், படுத்திருந்தார் என்பது அவர் போய் வெகு காலம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் யாரோ வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். வீட்டில் அதைப் பற்றி ஒரு கடுதாசி கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. அதனால்தானோ என்னவோ, கடிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிற ஒரு சானடோரியம் எங்காவது இருக்கிறதா என்று தேடி இங்கே வந்து நிற்கிறேன்.

மாலை தலைமைச் செயலகம் போனேன். தங்கக் கூரை போட்ட கட்டடம். வாசல் படியில் 'கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மைல்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள், 15-வது படியில். பிறகு 1969-ல் அளந்து 18-வது படி என்றார்கள், 2003-ல் மறுபடி அளந்து 13-வது படி என்றார்கள். மூன்று படியிலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், எதற்கு வம்பு.

உள்ளே குவிமாடத்தைச் சுற்றி மாநிலத்தின் முன்னோடிகள் 16 பேருடைய முகங்கள் வண்ணக் கண்ணாடியில் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு பெண், ஃபிரான்சஸ் ஜேக்கப்ஸ். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற உயரம். உலர்ந்த மலைக்காற்று நெஞ்சுச் சளியைச் சரியாக்கும் என்று நம்பி 1880-களில் நாட்டின் கிழக்குப் பக்கத்திலிருந்து ரயில் ரயிலாக நோயாளிகள் இங்கே வந்து இறங்கினார்கள். கையில் இருந்த காசு டிக்கெட்டோடு தீர்ந்துபோய், தங்க இடமில்லாமல் தெருவில் ரத்தம் கக்கி விழுந்தவர்கள் நிறைய. அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்த அம்மா இவர். ஆஸ்பத்திரி வேண்டும் வேண்டும் என்று கேட்டே 1892-ல் இறந்துபோனார். அடுத்த வருஷம் கட்டடம் எழும்பியது. அதே வருஷம் வெள்ளி விலை சரிந்து ஊரே திவாலானதில், கட்டி முடித்த ஆஸ்பத்திரி ஆறு வருஷம் பூட்டிக் கிடந்தது. பிநாய் பிரித் என்ற யூத அமைப்பு பணம் திரட்டிய பிறகுதான் 1899 டிசம்பரில் திறந்தார்கள்.

இரண்டாம் நாள், செவ்வாய்

காலையில் எழுந்தால் தலையணையில் ரத்தம், பெரிய பொட்டு அளவுக்கு. ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது. மூக்கிலிருந்து வந்ததுதான், இந்த ஊர்க் காற்றின் வறட்சிக்கு வெளியூர்க்காரர்களுக்கு இது சகஜமாம், மருந்துக்கடையில் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். 1904-ல் நியூயார்க்கில் ஒரு தையல்காரர் கைக்குட்டையில் இதைப் பார்த்திருந்தால், அன்றோடு வேலை, வாடகை, பிள்ளைகள் எல்லாம் கேள்விக்குறி. அங்கிருந்துதான் இந்தக் கடிதங்களே ஆரம்பிக்கின்றன.

காகிதங்கள் டென்வர் பல்கலைக்கழக நூலகத்தின் பெக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரயிலில் போய் பல்கலைக்கழக நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பையை வெளியே பூட்டி வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும், ஒரு நேரத்துக்கு ஒரு கோப்பு. யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள், என்னை மாதிரி.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லையே. இரண்டு இருந்தன. ஒன்று நேற்றுச் சொன்ன 1899-ஆம் வருஷத்து ஆஸ்பத்திரி, பெயர் நேஷனல் ஜூயிஷ். இரண்டாவது 1904-ல் தொடங்கிய 'யூதக் காசநோயாளர் நிவாரணச் சங்கம்', ஜே.சி.ஆர்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதன் காகிதங்கள். அரை நூற்றாண்டில் 10,000 நோயாளிகளுக்கு மேல் அங்கே தங்கியிருக்கிறார்கள்.

ஒரு கோப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். மேலே விண்ணப்பம். வயது, தொழில், எந்த நாட்டில் பிறந்தவர், அமெரிக்கா வந்து எத்தனை வருஷம், வீட்டில் யார் யார், வருமானம் என்ன, சிபாரிசு செய்தவர் யார். தொழில் என்ற இடத்தில் தையல், சுருட்டுச் சுற்றுதல், தள்ளுவண்டி வியாபாரம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. காற்றில்லாத அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து தைத்தவர்கள். காசநோய்க்குத் தையல்காரர் நோய் என்றே ஒரு பேர் இருந்தது. அடுத்த தாள் டாக்டருடையது. மார்பின் கோட்டுப்படம், அதில் நுரையீரல் கெட்டுப்போன இடத்தைப் பென்சிலால் தீட்டியிருக்கிறார்கள். சில படங்களில் மேல் ஓரத்தில் கட்டைவிரல் அளவு நிழல். சிலவற்றில் இரண்டு பக்கமும் முழுக்க. அந்த மாதிரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் இருக்கிற கடிதங்களைப் படிக்கக் கை வருவதில்லை. குண்டூசி துருப்பிடித்து, அது இருந்த இடம் பழுப்புக் கோடாக ஒவ்வொரு தாளிலும் இறங்கியிருக்கிறது.

அதற்கும் கீழேதான் கடிதங்கள். ஆஸ்பத்திரி எழுதியதெல்லாம் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய தாளில் கார்பன் நகல், வந்ததெல்லாம் கையில் கிடைத்த தாளில். நிறைய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழியில், ஹீப்ரு எழுத்தில், எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரியான சொல்லில் தொடங்குகிறதே என்று மேஜைக்காரரைக் கேட்டேன். 'வெர்ட்டர்' என்று படித்துக் காட்டினார், மதிப்பிற்குரிய என்று அர்த்தம். அப்புறம் டாக்டர். மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு. அதற்குப் பிறகு எனக்கு மொழி தெரியாதது அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை.

இரவு சித்திக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பினேன். தாத்தா தாம்பரத்திலிருந்து எழுதின கடுதாசி ஏதாவது இருக்கா சித்தி, பரண்ல பாருங்களேன் என்று. இரண்டு நீல டிக், பதில் இல்லை.

மூன்றாம் நாள், புதன்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி பற்றிய கடிதம் என்றால் மருத்துவம் பற்றியது என்று நினைத்து வந்தேன். இல்லை. மருத்துவத்தில் சொல்வதற்கே அன்று அதிகமில்லை. ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்ல ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வர 1940-கள் ஆகிவிட்டன. இடைப்பட்ட அறுபது வருஷம் இருந்ததெல்லாம் காற்று, ஓய்வு, பால், பச்சை முட்டை. ஆகவே கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் பற்றியவை. படுக்கை காலியா, எப்போது காலியாகும், ரயில் டிக்கெட் யார் எடுப்பது. இவர் படுத்திருக்கும்போது ஊரில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாடகை யார் கொடுப்பது, தர்ம சங்கமா, தொழிற்சங்கமா, மச்சானா. எடை எத்தனை பவுண்டு ஏறியது. எல்லாரும் கேட்பது இந்த ஒரு எண்ணைத்தான், ஏனென்றால் நோயைப் பற்றி வீட்டாருக்குப் புரிகிற ஒரே எண் அது. தேறி வெளியே வந்தால் பழைய தையல் வேலைக்குப் போகக் கூடாது, சரி, வேறென்ன வேலை. தேறாவிட்டால் உடலை அனுப்பவா, இங்கேயே அடக்கம் செய்யவா. தந்தியில் வார்த்தைக்குக் காசு என்பதால் அந்தக் கேள்விக்கு மட்டும் சுருக்கமான பதில்கள்.

இனி இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவில் நடந்த சண்டைக்கு வருகிறேன். நேஷனல் ஜூயிஷை நடத்தியவர்கள் முன்பே வந்து வசதியாக வேரூன்றிய ஜெர்மன் யூதர்கள். மதம், இனம் பார்க்க மாட்டார்கள், ஒரு பைசா வாங்க மாட்டார்கள். 'பணம் கட்ட முடிந்தவர் உள்ளே வரக் கூடாது, உள்ளே வந்தவர் பணம் கட்டவும் முடியாது' என்பது அவர்களுடைய வாசகம். ஆனால் ஆரம்பநிலை நோயாளி மட்டும், ஆறு மாதம் மட்டும். சமையலும் கோஷர், அதாவது யூத மத விதிப்படியான சமையல், கிடையாது. ரஷ்யப் பேரரசிலிருந்து புதிதாக வந்த ஏழை யூதர்கள் பலருக்கு அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. நம் வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தட்டில் மாட்டுக்கறி வைத்தால் எப்படியோ அப்படி. நோய் முற்றியவர்களை எந்த வாசலும் சேர்க்கவில்லை. அதனால் அந்தப் புது ஆட்களே, பல பேர் தாங்களும் நோயாளிகள், 1904-ல் ஊருக்கு மேற்கே நிலம் வாங்கிக் கூடாரம் அடித்துத் தொடங்கியதுதான் ஜே.சி.ஆர்.எஸ். முற்றிய கேஸும் வரலாம், எவ்வளவு நாளும் இருக்கலாம், கோஷர் சமையல். 'ஓர் உயிரைக் காப்பாற்றியவன் உலகையே காப்பாற்றியவன்' என்று யூதர்களின் மறைநூலான தால்முத்தில் வரும் வாக்கியத்தை முத்திரையாக வைத்துக்கொண்டார்கள்.

பழைய ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆத்திரம். பிழைக்காதவனையும் ஊருக்கு இழுக்கிறீர்கள், கண்ணீரைக் காட்டி நாடு முழுக்க உண்டியல் குலுக்கி எங்கள் நன்கொடையையும் கெடுக்கிறீர்கள், இது விஞ்ஞானமில்லை என்றார்கள். புதியவர்கள், உங்களிடம் இருப்பது விஞ்ஞானம், இதயமில்லை என்றார்கள். வெகு வருஷம் ஓடிய பங்காளிச் சண்டை.

நான் யார் பக்கம் என்று காலையில் கேட்டிருந்தால் யோசிக்காமல் கூடாரக்காரர்கள் பக்கம் என்றிருப்பேன். மதியம் கொஞ்சம் ஆடிப்போனது. இருக்கிற கொஞ்சம் படுக்கையில் யாரைப் படுக்க வைப்பது என்று முடிவு செய்கிற மேஜையில் உட்கார்ந்தால், பிழைக்கக்கூடியவனுக்குக் கொடு என்று சொல்வது கல்நெஞ்சம் இல்லை, கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு நடப்பது கடிதத்தில். நன்றாக எழுதத் தெரிந்தவன், எழுதிக் கொடுக்க ஒரு டாக்டரோ ராபி என்கிற யூத மதகுருவோ கிடைத்தவன், ஆரம்பநிலை என்று தாளில் தெரிகிறான். தெரியாதவன் மூன்று மாதம் கழித்து, முற்றிய பிறகு, நேரே ரயிலேறி வந்து இறங்குகிறான். எந்தச் சட்டத்திலும் எழுதாத ஒரு தேர்வு இது. என் தாத்தாவுக்கு இங்கிலீஷ் கணக்கு எழுதத் தெரியும். அதனால்தான் அவருக்குப் படுக்கை கிடைத்ததா என்று மத்தியான சாண்ட்விச்சை மென்றுகொண்டே யோசித்தேன்.

எல்லாக் கடிதத்துக்கும் அந்தப் பக்கத்தில் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் சார்ல்ஸ் ஸ்பைவாக். உக்ரைனின் கிரெமென்சுக்கில் 1861-ல் பிறந்தவர், 1882-ல் அமெரிக்காவுக்கு வந்து கூலி வேலை பார்த்து, பிறகு பிலடெல்பியாவில் மருத்துவம் படித்தவர். மனைவிக்குக் காசநோய் என்று 1896-ல் டென்வர் வந்தார். 1904-லிருந்து 1927-ல் சாகும்வரை செயலாளர். அவர் நோயாளி வீட்டுக்காரராக இருந்தவர் என்பது தெரிந்தபின் அந்தக் கார்பன் நகல்களைப் படிப்பதே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கு நடுவில் யெகோவாஷ் என்ற கவிஞரோடு சேர்ந்து, அவரும் நெஞ்சு நோய்க்காக வந்தவர்தான், 1911-ல் ஒரு இட்டிஷ் அகராதி வேறு போட்டிருக்கிறார். உயிலில் என்ன எழுதினார் தெரியுமா? தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், யூத மாணவர்களும் மற்ற மாணவர்களும் சம எண்ணிக்கையில் சேர்ந்து அறுத்துப் படிக்க வேண்டும், எலும்புக்கூட்டைக் கோத்து ஜெருசலேம் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்த அனுப்ப வேண்டும் என்று. மனுஷன் கடைசிக் கடிதத்திலும் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்றுதான் யோசித்திருக்கிறார்.

நான்காம் நாள், வியாழன்

மேற்கு நோக்கிப் போகும் ரயிலில் லாமர் நிலையத்தில் இறங்கி நடந்தால் லேக்வுட். முதலில் கண்ணில் படுவது கோல்ஃபாக்ஸ் சாலையில் ஒரு ரோஸ் நிறக் கோபுரம். பிரபலமான மெக்சிகன் உணவகம், உள்ளே செயற்கை அருவி எல்லாம் உண்டு, கார்ட்டூன் தொடரில் வந்ததால் கூட்டம். அது நிற்கிற கடைவீதி முழுக்க ஒரு காலத்தில் சானடோரியத்தின் நிலம். வெகு காலம் அந்தக் கடைவீதிக்குப் பேரே ஜே.சி.ஆர்.எஸ். ஷாப்பிங் சென்டர். அந்த எழுத்துகளுக்கு விரிவு என்னவென்று மளிகை வாங்க வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஏறிய நான் அதைச் சொல்லக் கூடாது.

பின்னால் போனால் மரங்கள், செங்கல் கட்டடங்கள், 1920-களில் கட்டிய சின்ன யூத ஜெப ஆலயம். 2003-ல் ஓர் ஓவியக் கல்லூரி இங்கே குடிவந்தது. நேற்றுச் சொன்ன நோயாளிகளின் கூடாரம் என்றால் முழுத் துணி இல்லை, மரத்தரை, இடுப்பளவு மரச்சுவர், மேலே கேன்வாஸ். பனி கொட்டும் ஜனவரியிலும் காற்று வேண்டும் என்று அதில்தான் படுக்கை. நான் நின்றது வெயில் காயும் பிற்பகல், அப்படியும் காதை மூடிக்கொள்ளத் தோன்றியது. தங்களுக்கென்று பால்பண்ணை, கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள், அத்தனை முட்டை தேவைப்பட்டிருக்கிறது. 1930-களில் லெய்விக் என்ற பெரிய இட்டிஷ் கவிஞர் இங்கே படுத்திருந்தார். சைபீரியச் சிறைவாசத்திலிருந்து தப்பி ஓடி வந்தவருக்கு இந்தக் குளிர் ஒன்றும் பெரிதாக இருந்திருக்காது.

ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சானடோரியத்துக்குள்ளேயே தனித் தபால் நிலையம் இருந்தது, அதற்கு டாக்டர் பேரையே வைத்துவிட்டார்கள். 'ஸ்பைவாக், கொலராடோ.' நோயாளி வீட்டுக்கு எழுதினால் முத்திரையில் ஊர் பெயர் அதுதான்.

1954-ல் நோயாளிகள் குறைந்து, இடத்தைப் புற்றுநோய் மையமாக மாற்றினார்கள். மாத்திரை வந்துவிட்டது. ஆனால் மாத்திரை வந்தாலும் சானடோரியத்தில் படுத்துத்தான் விழுங்க வேண்டும் என்று உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பிக்கொண்டிருந்ததை உடைத்தது எங்கே தெரியுமா? சென்னையில். 1956-ல் அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கி, நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கமான ஓட்டு வீடு, குறைவான சாப்பாடு. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள், அவர்களால் குடும்பத்துக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. படுக்கை காலியா என்று கேட்டு எழுதுகிற கடிதத்துக்கே அதோடு வேலை போய்விட்டது. இதை இங்கே ரோஸ் கோபுரத்தைப் பார்த்தபடி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் நாற்பது நிமிஷமாக வரவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

காலையில் கோல்டன் ஹில் இடுகாடு. அதே கோல்ஃபாக்ஸ் சாலையில் இன்னும் மேற்கே. குன்றுச் சரிவில் ஒரு பகுதியில் சானடோரியத்தில் இறந்த, அனுப்ப வழியில்லாத நோயாளிகள். சின்னச் சின்னக் கல், காய்ந்த புல். கல்லில் சில இடத்தில் கூழாங்கல் வைத்திருந்தார்கள், பூவுக்குப் பதில் அதுதான் அவர்கள் வழக்கம். நான் கோப்பில் படித்த பெயர் ஒன்றைத் தேடலாமா என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காற்று பலமாக இருந்தது. கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது சித்தி கூப்பிட்டார்.

"பரண்ல ஒரு கட்டு இருந்துச்சு. ஆனா அவர் எங்கடி சானடோரியம்னு எழுதினாரு? குரோம்பேட்டை தோல் கம்பெனியில கணக்கு வேலைன்னுதானே ஊர்ல சொல்லி வச்சிருந்தோம். அங்க அவரோட ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தர் இருந்தாரு. இவர் எழுதி அவர்கிட்ட குடுத்து, அவர் குரோம்பேட்டை தபாலாபீஸ்ல போடுவாரு. முத்திரை வேணுமே, காஞ்சிபுரத்துல தபால்காரர் பார்ப்பாரே."

"கார்டில என்ன எழுதியிருக்கார் சித்தி?"

"நலம், நலமறிய ஆவல். அப்புறம் எடை மூணு பவுண்டு கூடியிருக்குன்னு. கணக்கு வேலைக்குப் போனவர் எடையை எதுக்கு எழுதினார்னு அப்ப யாருக்கும் தோணலை. சரி, உங்க ஆஸ்பத்திரிக்காரங்க கடுதாசில என்ன முத்திரை போட்டாங்க?"

"ஸ்பைவாக்னு, சித்தி."

"அது எந்த ஊரு?"

"ஊரு இல்ல. டாக்டர் பேரு."

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பரவாயில்லையே, தம்பிக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். பிறகு ஊறுகாய் பாட்டில் விமானத்தில் விடுவார்களா என்று கேட்டார்.